டி.எம்.எஸ்.ஸை மறைத்த சுசீலா

சூரிய கிரகணத்தைப் படம் பிடிக்க டிரைபாட் வேண்டும், ஃபில்டர் வேண்டும், நீளமான லென்ஸ் வேண்டும் என்றெல்லாம் விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். புதுச்சேரியின் அரியாங்குப்பத்தில் இதற்கெல்லாம் முன்னால் அம்மாவின் அனுமதி வேண்டும். 2019 டிசம்பர் 26, வியாழக்கிழமை காலை எங்கள் வீட்டில் தண்ணீர்க் குடம், தோசை மாவு, ஊறுகாய் ஜாடி எல்லாவற்றிலும் தர்ப்பை கிடந்தது. என் சட்டைப் பையிலும் ஒரு துண்டு செருகப்பட்டது. கெட்டுப்போகக்கூடிய பொருள்களின் பட்டியலில் நானும் இருந்தேன்.

"கிரகணம் புடிக்கிற நேரத்துல மாடியில இன்னாடா வேலை? கண்ணு போயிடும்."

"நான் பாக்க மாட்டேம்மா. கேமராதான் பாக்கும்."

"அதுக்கும் கண்ணு போயிடும்."

அம்மா சொன்னது சுத்தமான அறிவியல். ஃபில்டர் இல்லாத லென்ஸைச் சூரியனுக்கு நேரே நீட்டினால் சென்சார் பொசுங்கும். வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தவனுக்கு விழித்திரை பொசுங்கும், வலிகூடத் தெரியாது. கரி பூசிய கண்ணாடி, பழைய எக்ஸ்ரே படம், கூலிங் கிளாஸ் எதுவும் காப்பாற்றாது.

அன்றைக்கு வளைய கிரகணம். கோவை, ஈரோடு, கரூர், திருச்சி என்று போய் இலங்கையின் வடக்கைத் தொட்ட பாதையில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய 3 நிமிடம் நெருப்பு வளையம். எங்களுக்குப் பிறைதான். முழு மாநில அந்தஸ்தே கிடைக்காத ஊருக்கு முழு வளையம் மட்டும் எப்படிக் கிடைக்கும்?

ஃபில்டருக்கு மாற்றாக 14ஆம் எண் வெல்டிங் கண்ணாடி போதும் என்று படித்திருந்தேன். கடலூர் ரோட்டுப் பட்டறையில் கேட்டேன். "நாங்க பத்து, பதினொண்ணுதான் போடுவோம் தம்பி. பதினாலா? சூரியனுக்கே பத்து வைக்கப் போறியா?" என்றார் பட்டறைக்காரர். பாண்டிக்குப் போய் வாங்கி வந்தேன். அதன் வழியாக எடுத்தால் சூரியன் கரும்பச்சையாக வரும், அது கண்ணாடியின் குணம். அளவோ அதைவிட வேதனை. 55 மி.மீ. லென்ஸில் சூரியனின் பிம்பம் சென்சார் மேல் அரை மில்லிமீட்டர்தான் விழும். எடுத்ததைப் பெரிதாக்கிப் பார்த்த பக்கத்து வீட்டு அத்தை, "பச்சைப் பயறு எதுக்குடா போட்டோ புடிச்ச?" என்றார்.

சூரியனையும் சந்திரனையும் சேர்த்து நினைத்தாலே எனக்குள் ஒரு பாட்டு தானாக ஓட ஆரம்பித்துவிடும்: 'ஞாயிறு என்பது கண்ணாக'. 1965இல் வந்த 'காக்கும் கரங்கள்' படம், கே.வி.மகாதேவன் இசை, டி.எம்.சௌந்தரராஜனும் பி.சுசீலாவும் பாடியது. சிவகுமாருக்கு அதுதான் முதல் படம். சூரியனைக் கண் என்று பாடியவர்கள் அவர்கள். சூரியனைப் பார்த்தால் கண் போய்விடும் என்று கீழே பாடிக்கொண்டிருந்தவர் அம்மா. இரண்டையும் ஒன்றாகக் கேட்டுக்கொண்டு மாடியில் நின்றவனுக்குக் கிரகணத்தின் இயக்கம் சட்டென்று விளங்கிவிட்டது. டூயட் நடுவில் சுசீலா டி.எம்.எஸ்.ஸுக்கு முன்னால் வந்து மைக்கைப் பிடித்துக்கொள்கிறார், டி.எம்.எஸ். எங்கும் போய்விடவில்லை, பின்னால்தான் நிற்கிறார். ராகு, கேதுவைவிட இந்த விளக்கம் எனக்கு வசதியாக இருக்கிறது.

ஒன்பதரை வாக்கில் உச்சம். ஒன்பதேகாலுக்கு மேகம் வந்து உட்கார்ந்தது.

இந்த வட்டாரத்தில் மேகத்தால் ஏமாந்தவர்களுக்கு ஒரு தலைவர் உண்டு. பெயர் லெ ஜான்தி, பிரெஞ்சு வானியலாளர். சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி போவதைப் பார்க்கப் புதுச்சேரிக்குக் கப்பல் ஏறினார். வந்து சேர்வதற்குள் 1761இல் ஊரை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். வெள்ளி கடந்தபோது அவர் நடுக்கடலில். ஆடும் கப்பலில் என்ன அளக்க முடியும்? அடுத்த வாய்ப்பு 1769இல். மனுஷர் அதுவரை ஊருக்குத் திரும்பவே இல்லை. 1768இல் புதுச்சேரிக்கு வந்து, இடிபாடுகள் மேல் ஆய்வுக்கூடம் கட்டிக் காத்திருந்தார். ஜூன் 4 காலை, சரியாக அந்த நேரத்துக்கு மேகம். வெள்ளி போன பிறகு வெயில் பளிச்சென்று அடித்தது. 1771இல் பிரான்ஸ் திரும்பினால், அவர் இறந்துவிட்டதாக முடிவு கட்டிச் சொந்தக்காரர்கள் சொத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வானம் கைவிட்டாலும் தரை அவரைக் கைவிடவில்லை. வீராம்பட்டினம் பக்கம் ஆற்றங்கரை மேட்டில் பழங்காலப் பெரிய செங்கற்கள் கிடப்பதை எழுதி வைத்தவர் அவர்தான். இன்றைக்கு அரிக்கமேடு என்று நாம் பெருமை பேசுவது அந்த மேட்டைத்தான். தமிழ்ப் பஞ்சாங்கக்காரர்களின் கிரகணக் கணக்கையும் ஆராய்ந்தார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் நீளத்தில் நம்மவர் கணக்கு 41 நொடிதான் பிசகியது. ஐரோப்பிய அட்டவணையின் பிசகு 68 நொடி. 1825இல் இதே புதுச்சேரியில் இன்னொரு பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்ததை ஜான் வாரன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி பதிவு செய்தார். தொடக்க நேரம் 4 நிமிடம் பிசகியது, முடிவு நேரம் 52 நிமிடம். நம் பெருமையை வாட்ஸப்பில் அனுப்புகிறவர்கள் 41 நொடியோடு நிறுத்திக்கொள்வார்கள்.

மேகம் விலகியபோது எனக்கும் தரைதான் கை கொடுத்தது. அத்தை வீட்டுப் பொடியன் எங்கள் ஜல்லிக்கரண்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டான். வெயிலுக்கு நேரே பிடித்தான். சிமெண்டுத் தரை முழுக்கக் குட்டிக் குட்டிப் பிறைகள், ஓட்டைக்கு ஒன்று. மரத்தடியில் தினமும் விழும் வட்ட வெளிச்சங்களும் சூரியனின் படங்கள்தான். கிரகணத்தன்று அவையும் பிறையாகிவிடும். கரண்டியை மீட்க மேலே வந்த அம்மா, சூரியனுக்கு முதுகைக் காட்டியபடி தரையையே பார்த்தார்.

"இதுல எதுடா சூரியன்?"

"எல்லாமேம்மா."

"அப்ப உன் கேமராவை வித்துடு."

நம் பக்கத்தில் அடுத்த வளையம் 2031 மே 21, புதன்கிழமை. பாதை தேனி, மதுரை, காரைக்குடி, வேதாரண்யம். புதுச்சேரிக்கு மறுபடியும் பிறைதான். கத்திரி வெயில் காலம். மேகத்தை நம்பிச் சோம்பேறித்தனம் செய்ய முடியாது. மதுரைப் பக்கம் சொந்தக்காரர் இருப்பவர்கள் பழைய சண்டைகளை இப்போதே சமாதானம் செய்துகொள்ளுங்கள்.