அலாரம் அடித்தால் ஆஸ்துமா அடங்குமா?

கேள்வி: இன்ஹேலர் எடுக்க அடிக்கடி மறந்துபோகிறது. செல்போன் ஆப் உதவுமா?
- வாசகர், கூடுவாஞ்சேரி

பதில்: உதவும். காலையும் இரவும் நினைவூட்டும். எத்தனை முறை எடுத்தீர்கள் என்று கணக்கும் வைக்கும். ஆனால், அலாரத்தை அணைக்கும் விரல்தான் இன்ஹேலரையும் அழுத்தவேண்டும்! மூச்சு முட்டும்போது கைகொடுக்கும் இன்ஹேலர் வேறு. மூச்சுக்குழாய் வீக்கம் குறைய தினமும் எடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் வேறு. 'இன்றைக்கு நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று நாம் கைவிடுவது இரண்டாவதைத்தான். அதை எடுத்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும்; வேண்டுமானால் அதற்கும் ஓர் அலாரம் வையுங்கள். இழுக்கும் முறை சரியா என்று டாக்டர்தான் பார்த்துச் சொல்லவேண்டும். மின்சார ரயிலேறினால், 1928-ல் தொடங்கப்பட்ட தாம்பரம் சானடோரியம் நெஞ்சக மருத்துவமனை பக்கம்தான். போகும்போது, மறக்காமல் இன்ஹேலரையும் எடுத்துப்போங்கள்!