கட்-ஆஃப் பெரியப்பா

அஸ்தம்பட்டியில் வருஷத்துக்குப் பத்து மாதம் அவர் சாதாரண மனிதர். உழவர் சந்தையில் கத்தரிக்காயைப் புரட்டிப் பார்ப்பார். ஏற்காடு ரோட்டில் வாக்கிங் போவார். பிளஸ் டூ ரிசல்ட் வந்த நிமிஷம் பதவி ஏற்றுவிடுவார். நியமித்தவர் யாரும் இல்லை. அதனால் நீக்கவும் ஆள் இல்லை. தெருவுக்கு ஒருவர் இப்படி உண்டு. சொந்தப் பெயர் எதுவானாலும் ஊருக்கு அவர் கட்-ஆஃப் பெரியப்பா.

"எவ்ளோ கண்ணு?"

"540-ங்க பெரியப்பா."

"அதை உங்க ஆத்தாகிட்டச் சொல்லு, சந்தோஷப்படும். கட்-ஆஃப் எவ்ளோ?"

கணக்கு மார்க் முழுசாக நூறுக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி பாதிப் பாதி, ஆக 200. கால்குலேட்டரை எடுக்கும் முன் சொல்லிவிடுவார். தமிழ், இங்கிலீஷ்? "அதெல்லாம் நல்ல குணம் மாதிரி கண்ணு. இருந்தா நல்லதுதான், கவுன்சலிங்ல கேக்க மாட்டாங்க."

கல்யாண நாள் மறந்துபோகும். காலேஜ் கோடு மறக்காது. 2615 என்றால் கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரி, 2006 என்றால் கோவை பிஎஸ்ஜி. அவரைப் பொறுத்தவரை கிண்டிக்குப் பெயர் 1, குரோம்பேட்டை எம்ஐடிக்குப் பெயர் 4.

ஒரு பாடத்தில் கெட்டி, மற்றதில் சுமார் என்ற பிள்ளைகள்தான் அவருக்குப் பிடித்த கேஸ். எதிரெதிர் வீட்டுப் பையன்கள் இரண்டு பேர். ஒருவனுக்குக் கணக்கு 98, பிசிக்ஸ் 70, கெமிஸ்ட்ரி 72. அடுத்தவனுக்குக் கணக்கு 70, பிசிக்ஸ் 98, கெமிஸ்ட்ரி 100. கூட்டினால் இரண்டாமவனுக்கு 28 மார்க் கூடுதல். கட்-ஆஃப் என்னவோ இருவருக்கும் 169.

"அப்போ ரெண்டு பேரும் சமமாங்க?"

"எப்படிங்க? சமமா வந்தா முதல்ல கணக்கைத்தான் பாப்பாங்க. அவன் முன்னாடி, உங்க பையன் பின்னாடி." எல்லா மார்க்கும் சமமாகப் போனால் பிறந்த தேதி, வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. இதைச் சொல்லும்போது மட்டும் பெற்றோரை ஒரு மாதிரி பார்ப்பார், "இன்னும் ரெண்டு மாசம் முன்னாடி பெத்திருக்கலாம்" என்பதுபோல.

பயாலஜியில் கெட்டி, பிசிக்ஸில் தடுமாற்றமா? "நீட்ல 720-ல 360 பயாலஜி, தைரியமா எழுது" என்பார். நீட் கைவிட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பிளஸ் டூ மார்க்தான். "கோழி ஊருக்குப் போற டாக்டருக்கு வேலையா இல்லை?"

இப்படிப்பட்டவரிடம் ஒரு பெண் வந்தாள். கணக்கு 58, பிசிக்ஸ் 61, கெமிஸ்ட்ரி 63. "120" என்றார், ஐசியு வாசலில் நிற்கிற குரலில். பிறகு தேற்றினார்: "கவலைப்படாதே கண்ணு. 120-க்கும் சீட்டு இருக்கு. சீட்டுக்குத்தான் ஆளில்லை."

"நான் கோரிமேட்டுல அரசு மகளிர் கலைக் கல்லூரிக்குப் போட்டிருக்கேனுங்க, தமிழ் இலக்கியம். தமிழ்ல 98."

"சரி, கட்-ஆஃப்?"

"தமிழ் மார்க் மட்டுந்தானுங்க. நூத்துக்கு."

"கணக்கு?"

"பாக்க மாட்டாங்க."

"பிசிக்ஸ்... பாதியாவது?"

"ம்ஹூம்."

பெரியப்பா நாற்காலியைத் தேடினார். இத்தனை வருஷமாக அவர் கழித்துப் போட்ட மார்க்கை வைத்துக்கொண்டே ஓர் அரசு ராங்க் லிஸ்ட் போடுகிறது! அன்று வாக்கிங் போகவில்லை. டைரியில் ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் புதிதாகக் கோடு போட்டதாக வீட்டம்மா சொன்னார்.

மறுநாள் கணக்கில் சென்டம் வாங்கிய பையன் ஸ்வீட் பாக்ஸோடு வந்தான்.

"நூறா? இருக்கட்டும். தமிழ் எவ்ளோ கண்ணு?"

"62-ங்க."

பெரியப்பா லட்டைக் கடித்துக்கொண்டே உதட்டைப் பிதுக்கினார்.

"கொஞ்சம் கஷ்டந்தான்."