நிற்றலியல்: சூத்திரமும் உரையும்

பாயிரம்

இந்நூல் என் நுதலிற்றோ எனின், கோடை விடுமுறையில் கேளிக்கைப் பூங்காவுக்குப் போகும் குடும்பம், போகுமுன் தன் கால்களை எவ்வாறு ஆயத்தப்படுத்த வேண்டும் என்பதை உணர்த்துதல் நுதலிற்று. நூல் பிறந்த இடம் கோவைத் துடியலூர். காலம், பிளஸ் டூ பரீட்சை முடிந்து மாங்காய் சந்தைக்கு வந்த காலம். கேட்போர், சிங்கப்பூருக்கு டிக்கெட் போட்டுவிட்டவர்கள். போடாதவர்கள் படிப்பதில் குற்றமில்லை, பயனும் இல்லை.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது எங்கள் வீதியில் குடியிருக்கும் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, பிளஸ் டூ முடித்த மகள், நாலாவது போகும் பையன், அப்பாவைப் பெற்ற அப்பத்தா, அம்மாவைப் பெற்ற அப்புச்சி. அப்பத்தாவும் அப்புச்சியும் சம்பந்திகள். சம்பந்திகள் இருவரை ஒரே பயணத்தில் அழைத்துப் போவது தனி நூலுக்குரிய பொருள். அதை எழுதும் துணிவு இவ்வுரைகாரனுக்கு இல்லை.

இனி நூல்.

*ஏக்கரால் அளப்பது பூங்கா, அதனை*
*நாக்கால் நடப்பது கொங்கர் இயல்பே.*

என்பது முதற் சூத்திரம். இஃது என் உணர்த்திற்றோ எனின், பயணத்துக்கு முன் குடும்பத்தார் தத்தம் கால்மீது கொள்ளும் பொய்ந்நம்பிக்கையை உணர்த்திற்று.

சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் 2010இல் திறந்த யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 20 ஹெக்டேர். நம் கணக்கில் 49 ஏக்கர். இதைப் பேத்தி படித்துச் சொன்னதும் அப்புச்சி சிரித்தார். "அம்பது ஏக்கராவா? எங்க பெரியப்பன் காடே அதுக்கு மேல வருமுங். தண்ணி கட்டப் போனா ரெண்டு சுத்து வந்துட்டுத்தான் காப்பித் தண்ணி குடிக்கிறது." அவர் சொன்னது பொய்யன்று. அந்தக் காடு விற்று வீட்டுமனையாகி, அவர் தெருமுனைப் பால் கடைக்கும் எக்செல் வண்டியில் போகத் தொடங்கி நெடுங்காலம் ஆயிற்று என்பது மட்டும் விடுபட்டது.

ஆயினும் அவர் சிரிப்பில் ஒரு கணக்கு ஒளிந்திருந்தது. 20 ஹெக்டேரைச் சதுரமாக வைத்தால் ஒரு பக்கம் சுமார் 450 மீட்டர். சுற்றளவு 1,800 மீட்டர். மணிக்கு நாலு கிலோமீட்டர் என்று சோம்பலாக நடந்தாலும் அரைமணிக்குள் சுற்றி வந்துவிடலாம். துடியலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து வெள்ளக்கிணறு பக்கம் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகிறவர்கள் இதைவிட அதிகம் நடக்கிறார்கள்.

அஃதேல், பெரிய பூங்காக்கள் உளவே எனின், உள. அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் 1971இல் திறந்த டிஸ்னி வேர்ல்டு வளாகம் ஏறத்தாழ 100 சதுர கிலோமீட்டர். 2011இல் துடியலூர் முதலிய ஊர்களைச் சேர்ப்பதற்கு முன் கோவை மாநகராட்சியின் பரப்பும் ஏறத்தாழ அவ்வளவே. ஆனால் காந்திபுரத்திலிருந்து உக்கடத்துக்கு யாரும் நடந்து போவதில்லை என்பதுபோலவே அங்கும் ஒரு பூங்காவிலிருந்து இன்னொன்றுக்குப் பெரும்பாலோர் நடப்பதில்லை. பஸ்ஸும் மோனோ ரயிலும் விட்டிருக்கிறார்கள். ஆகவே பரப்பு பெரிதாயினும் கால் நோவுக்கு அது காரணம் ஆகாது.

அற்றேல், மாலையில் அந்தப் பூங்காக்களிலிருந்து வெளியே வரும் குடும்பங்கள் அடிபட்டவர்களைப் போல வருவது எதனால்?

*நடத்தலின் இளைக்குங் காலெனல் பொய்யே;*
*கிடத்தலும் இன்றி நிற்றலின் இளைக்கும்.*

இச்சூத்திரமே நூலின் உயிர். பிற சூத்திரங்கள் எல்லாம் தொலைந்து போயினும் இஃதொன்று எஞ்சினால் போதும்.

இதை இயற்றியவர் யாரெனின், செய்யுளாக்கியது இவ்வுரைகாரன், பொருள் அப்பத்தாவினுடையது. அவர் இளவயதில் தைப்பூசத்துக்குக் காவடிக் கூட்டத்தோடு பழனிக்கு நடந்து போனவர். துடியலூரிலிருந்து பழனி நூறு கிலோமீட்டருக்கு மேல். அவர் சொன்னது: "நடந்தா ஒண்ணும் ஆகறதில்லீங். ஒரே எடத்துல நின்னாத்தான் கால் கடுக்குது."

உடற்கூற்று நூலாரும் அதையே சொல்கிறார்கள். நடக்கும்போது கெண்டைக்கால் தசை ஒவ்வொரு எட்டிலும் சுருங்கி, கீழே இறங்கிய இரத்தத்தைப் பிழிந்து மேலே அனுப்புகிறது. சிரைக்குள் இருக்கும் வால்வுகள் அதைத் திரும்ப இறங்கவிடாமல் தடுக்கின்றன. அசையாமல் நின்றாலோ தசை சுருங்குவதில்லை. கிணற்றில் தண்ணீர் கிடந்தும் கரண்ட் இல்லாத மோட்டார்போலக் கால் ஆகிவிடுகிறது. இரத்தம் கீழே தேங்க, பாதம் கனக்கிறது, கணுக்கால் வீங்குகிறது, சிலருக்குத் தலை சுற்றுகிறது. அணிவகுப்பில் விறைத்து நிற்கும் சிப்பாய்கள் திடீரென்று சாய்வது உலகமெங்கும் நடப்பதுதான். பூட்ஸுக்குள்ளேயே கால்விரலை அசைத்துக்கொண்டிருப்பது அதற்குப் பழைய மாற்று. மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் பயிற்சிக் கல்லூரி துடியலூரை ஒட்டிய குருடம்பாளையத்தில் இருந்தும், நிற்பது ஒரு பயிற்சி என்ற எண்ணம் நம் வீதிக்கு இன்னும் வந்து சேரவில்லை.

பூங்காவில் ஒரு நாளின் பெரும்பகுதி வரிசையிலேயே கழிகிறது. மூன்று நான்கு நிமிட ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் நிற்பது விடுமுறை நாள்களில் வழக்கம். அந்த வரிசையும் நேராகப் போவதில்லை. மடித்து மடித்துக் கம்பி கட்டி, எவ்வளவு நீளம் என்று கண்ணுக்குத் தெரியாதபடி செய்திருப்பார்கள். நாலு எட்டு வைத்து நிற்பது, மறுபடி நாலு எட்டு. இது நடையும் அல்ல, நிலையும் அல்ல. இலக்கணத்தில் இதற்கு இடமே இல்லை. கூடுதலாகப் பணம் கட்டினால் விரைவு வரிசையில் போகலாம். சிறப்பு தரிசனம் கண்ட நாட்டாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

*புதுஷூ அணிந்து பூங்காப் புகேல்.*

இதற்கு உரை வேண்டா. கொப்புளம் உரைக்கும்.

*தொலைவைக் குறைத்துச் சொல்லலும் தகுமே,*
*மலைமேற் கோயில் தெரியுங் காறும்.*

இது பெற்றோர்க்குரிய சூத்திரம். பையன் "இன்னும் எவ்ளோ தூரம்?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லற்க என்றவாறு.

இதற்கு முன்னோர் ஆட்சி உண்டோ எனின், சிலப்பதிகாரத்தில் உண்டு. புகாரை விட்டுக் கொஞ்ச தூரம் வந்ததுமே மூச்சு வாங்கிய கண்ணகி, மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். உண்மைத் தொலைவு முப்பது காதம். கோவலன் அதையே ஐந்தோ ஆறோ காதம் என்று காதில் விழும்படி சொல்லிச் சிரிக்கிறான். தமிழ்நாட்டின் முதல் குடும்ப நடைப்பயணத்திலேயே இந்த உத்தி கையாளப்பட்டுவிட்டது. அந்தப் பயணம் எப்படி முடிந்தது என்பதை இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்ளற்க.

வெள்ளியங்கிரியில் மூங்கில் தடியோடு இறங்கி வருபவர்களைக் கேட்டுப் பாருங்கள். மூன்றாவது மலையில் கேட்டாலும் ஐந்தாவதில் கேட்டாலும் "இன்னும் கொஞ்சந்தானுங், போயிரலாம்" என்பார்கள். ஏழு மலையிலும் விடை ஒன்றே. இதில் வஞ்சகம் இல்லை. இறங்குகிறவனுக்கு எல்லாமே கொஞ்சந்தான்.

தண்ணீரைப் பற்றியும் இவ்விடத்தே ஒரு சொல். தடாகத்தை அடுத்த அனுவாவி மலையில், சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போன அனுமனுக்கே தாகம் எடுத்ததாகவும், முருகன் வேலால் சுனை உண்டாக்கிக் கொடுத்ததாகவும் தலக்கதை. மலையைச் சுமந்து பறந்தவருக்கே பாதி வழியில் தண்ணீர் தேவைப்பட்டதென்றால், நாலாவது படிக்கும் பையனுக்குத் தனி பாட்டில் கட்டாயம் என்பது உய்த்துணரப்படும்.

இனிப் பயிற்சிக் களங்கள்.

அப்பா முதலில் தேர்ந்தது ரேஸ்கோர்ஸ். ஒரு சுற்று ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர், நிழல், நல்ல நடைபாதை. தமிழக அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை வகுத்தபோது கோவைக்கும் ஒன்று வந்தது. குடும்பம் விடியற்காலையில் காரில் ஏறி, மேட்டுப்பாளையம் ரோட்டில் ஊட்டிக்குப் போகும் வண்டிகளுக்கு எதிரே தெற்காக ஓட்டி, வண்டி நிறுத்த இடம் தேடி, ஒரு சுற்று நடந்து, ஓட்டலில் நெய் ரோஸ்ட் சாப்பிட்டுத் திரும்பியது. நடப்பதற்காகக் காரில் போன தூரம் நடந்த தூரத்தைப்போலப் பல மடங்கு. நெய் ரோஸ்டைக் கணக்கில் சேர்த்தால் நூல் அவலச்சுவை பெறும்.

பத்தாயிரம் அடி என்ற இலக்கும் அப்பாவினுடையதே. இவ்விலக்கு எந்த மருத்துவ நூலிலிருந்து வந்தது எனின், எதிலிருந்தும் அன்று. 1965இல் ஜப்பானில் யமாசா என்ற கடிகார நிறுவனம் விற்ற அடியெண்ணிக்குப் 'பத்தாயிரம் அடி அளவி' என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். விளம்பரப் பெயர் உலகச் சட்டம் ஆயிற்று. 2019இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர் வயதான பெண்களிடம் செய்த ஆய்வில், நாளுக்கு 7,500 அடி அளவில் ஆயுள் நன்மை சமநிலைக்கு வந்துவிடுகிறது. மகள் இதைப் படித்துச் சொன்னதும் அப்பத்தா நிம்மதியடைந்து, மீதி 2,500ஐப் பேரனுக்கு எழுதி வைத்தார். பேரன் அதை நடந்து தீர்க்கவில்லை. போனைப் பக்கத்து வீட்டுக் குழந்தையின் தூளியில் போட்டு ஆட்டினான். அன்று இரவு அவன் பதினாலாயிரம் அடி நடந்திருந்தான். குழந்தையும் நன்றாகத் தூங்கியது.

இரண்டாவது சூத்திரத்தை உணர்ந்த பின்னரே பயிற்சி சரியான தடத்துக்கு வந்தது. நிற்பதற்குப் பயிற்சிக் களம் எது? கோவையில் இதற்கு ஒப்பற்ற கல்லூரிகள் கிராஸ்கட் ரோட்டிலும் ஒப்பணக்கார வீதியிலும் இருக்கின்றன. பட்டுச் சேலைப் பிரிவு என்று பெயர். அம்மாவும் அப்பத்தாவும் அங்கே நின்ற நேரத்தில் பூங்காவில் மூன்று ஆட்டத்துக்கு வரிசை முடிந்திருக்கும். ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் பாரத்தை மாற்றுவது, குதிகாலைத் தூக்கி இறக்குவது, கவுண்டரில் முழங்கையை ஊன்றுவது என்று நிற்பதற்குரிய வித்தைகள் எல்லாம் இவர்களுக்கு இயல்பாகவே வந்தன. ஆண்கள் நுழைந்ததும் நாற்காலியைத் தேடினார்கள். அப்புச்சிக்குக் கிடைத்தது. அப்பாவுக்குக் கிடைக்கவில்லை, அவர் கீழ்த் தளத்தில் கார் பக்கம் போய்விட்டார். குடும்பத்தில் யாருக்குப் பயிற்சி வேண்டும் என்பது அன்றே விளங்கிவிட்டது. எனினும் பயிற்சித் திட்டம் போட்டவர் அப்பா ஆகையால் அது திருத்தப்படவில்லை.

நடையும் நிலையும் ஒருங்கே பயில விரும்புவோர்க்குத் திருமலை. அலிபிரி வழியாக 3,550 படி ஏறினால் நடை. மேலே வைகுண்டம் கியூ காம்ப்ளக்ஸில் நிலை. குடும்பம் குடும்பமாக மணிக்கணக்கில் காத்திருந்து சில நொடிக் காட்சிக்காக நெட்டித் தள்ளப்படும் பழக்கம் நமக்கு உண்டு. அப்பத்தா பலமுறை போனவர். ஆகவே அவர் இத்துறையில் முனைவர் பட்டத்துக்கு மேற்பட்டவர்.

*மெல்ல வருவார் மெய்ந்நடை எதுவோ*
*எல்லார் நடையும் அதுவே ஆகும்.*

குடும்பத்தின் வேகம் அதில் மிக மெதுவாக வருபவரின் வேகம் என்றவாறு. மெதுவாக வருபவர் முதியவர் என்று கொள்வது பிழை. கண்டறிந்த வரை, அவர் கையில் போன் வைத்திருக்கும் பிளஸ் டூ முடித்தவர்.

மே மாதம் குடும்பம் செந்தோசா போய் வந்தது. கிடைத்த சான்றுகள் வருமாறு. மதியத்துக்குள் அப்பா உட்கார இடம் தேடத் தொடங்கிவிட்டார். அப்புச்சி முதல் வரிசையிலேயே பின்வாங்கி, குளத்தோரப் பெஞ்சில் அமர்ந்து, ஐம்பது ஏக்கரில் தென்னை வைத்தால் எத்தனை மரம் வரும் என்று கணக்குப் போட்டார். மகள் புதுஷூவோடு போயிருந்தாள். அப்பத்தா மட்டும் பேத்தியோடும் பேரனோடும் எல்லா வரிசையிலும் நின்றார். முன்னால் நின்ற மதுரைக்காரக் குடும்பத்தில் பெண்ணுக்கு வரன் பார்ப்பதை விசாரித்தார். பின்னால் நின்ற மலேசியத் தமிழம்மாவுக்கு முறுக்கு கொடுத்தார். ஆட்டத்தின் வாசல் வந்ததும் பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டுப் பக்கத்து வழியாக வெளியே வந்துவிடுவார்.

ஒரு மணி நேரம் நின்றுவிட்டு ஏறாமல் வருவானேன் என்று பேரன் கேட்டான்.

"அந்தக் குலுக்கலெல்லாம் எனக்கு வேண்டாஞ் சாமி. அடுத்து எங்காச்சும் நிக்கோணும்னா கூப்புடு, வாரேன்."