பிரித்தவை சேராமை: திண்டிவனம்–விழுப்புரம் வட்டாரப் பழைய வண்டிகள் குறித்து ஓர் ஆய்வு

பழைய வண்டி ஒன்றைப் பிரித்துப் போட்டிருப்பவர் ஆர்வலர். இரண்டைப் பிரித்துப் போட்டிருப்பவர் சேகரிப்பாளர். மூன்றாவதையும் பிரித்துவிட்டு, முதல் இரண்டைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறவர் எவரோ, அவரே இவ்வாய்வின் நாயகர். பெயர் வேண்டாம். தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று திண்டிவனத்தில் நாலு பேருக்காவது தோன்றும்; தோன்றட்டும்.

ஆய்வுப் பொருள்கள் மூன்று. முதலாவது, திருவொற்றியூரில் செய்த என்ஃபீல்டு புல்லட். கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. அம்மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, டீகம்ப்ரஸரை அழுத்தி விட்டு, பிறகே உதைக்க வேண்டும். முறை தவறினால் வண்டி நம்மை உதைக்கும். இரண்டாவது, மைசூர் ஐடியல் ஜாவாவின் ஜாவா. கிக்கரே கியர் லீவரும் ஆகிற சிக்கனம் அதில் உண்டு. மூன்றாவது, 1961 முதல் வண்டலூரில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். இது விழுப்புரத்தில் மாமனார் வீட்டு மாட்டுக்கொட்டகையில் உள்ளது. அதே ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டலூரிலிருந்து விழுப்புரம் சுமார் 130 கி.மீ. ஐம்பது சொச்சம் ஆண்டுகளில் கார் கடந்து வந்த தூரம் இது எனக் கொண்டால், சராசரி வேகம் ஆண்டுக்கு இரண்டரை கி.மீ. அண்மைக் காலத்தில் அதுவும் குறைந்திருக்கிறது.

இனி ஆய்வின் மையக் கருத்துக்கு வருவோம். ஒரு வீட்டில் எத்தனை பழைய வண்டிகள் சேர்ந்தாலும், அவற்றுள் ஓடுகின்றவற்றின் எண்ணிக்கை மாறாது. அந்த எண் பூஜ்யம்.

இதற்குச் சோம்பலே காரணம் என்று இல்லத்தரசிகள் தரப்பில் ஒரு கொள்கை நிலவுகிறது. அது மேலோட்டமானது. உண்மைக் காரணம் மரை. பழைய புல்லட்டின் மரை பிரிட்டிஷ் அளவு, ஜாவாவினுடையது மில்லிமீட்டர், ஹெரால்டினுடையது இரண்டிலும் சேராத அங்குலக் கணக்கு. ஆகவே மூன்று செட் ஸ்பேனர். திண்டிவனத்தில் வேலை செய்யும்போது வேண்டிய ஸ்பேனர் விழுப்புரத்திலும், விழுப்புரத்தில் வேண்டியது திண்டிவனத்திலும் இருக்கும். இடையே சுமார் 40 கி.மீ. ஸ்பேனரை எடுக்கவில்லை என்பது விக்கிரவாண்டி தாண்டும்போதுதான் நினைவுக்கு வரும்.

டப்பாக்களின் பங்கும் சிறிதன்று. பிரிக்கும்போது நட்டு போல்ட்டுகளைத் தனித்தனி டப்பாவில் போட்டு, மேலே சீட்டு ஒட்டுவது மரபு. டப்பா தீர்ந்ததும் மரபும் தீரும். பிறகு ‘புல்லட் + ஜாவா’ என்றொரு டப்பா பிறக்கும்; அதன்பின் ‘மற்றவை’. வீட்டின் ஹார்லிக்ஸ் பாட்டில்கள் அனைத்தும் ‘மற்றவை’ ஆனபின், பிரித்த எதையும் பூட்ட முடியாத நிலையை ஆய்வு எய்துகிறது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஒரு ஸ்பிரிங் எல்லா வீட்டிலும் உண்டு. அதை எறியத் துணிந்தவர் இதுவரை இல்லை.

இத்துறையின் திணை முல்லை. முல்லையின் உரிப்பொருள் இருத்தல்; கார்காலத்துக்குள் வந்துவிடுவேன் என்று தலைவன் சொல்லிப் போவான், தலைவி காத்திருப்பாள். இங்கே சொல்லிப் போகிறவர் டிங்கரிங் செய்பவர். “மழைக்கு முன்னாடி முடிச்சிடலாம் சார்.” பெயிண்டர் டிங்கரிங் முடியட்டும் என்பார், டிங்கரிங்காரர் லேத் வேலை முடியட்டும் என்பார், லேத்துக்காரர் ஓவர்சைஸ் பிஸ்டன் புதுப்பேட்டையிலிருந்து வரட்டும் என்பார். மழை மட்டும் யாருக்காகவும் காத்திராமல் வந்துவிடும். 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. மழையில்லாத நாளில் மரக்காணம் உப்பளப் பக்கமிருந்து வரும் காற்று. இரும்புக்கு இந்த வட்டாரத்தில் ஓய்வே கிடையாது.

ஒப்பாய்வுக்குத் திருவக்கரை உதவும். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்மரங்களை அங்கே இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் வேலியிட்டுக் காக்கிறது. குடும்பத்தோடு அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்று நாயகரின் மனைவி சொன்னது: “என்னங்க, அங்க அசையாம கெடக்கறதுக்கு கவர்மென்ட்டு போர்டு வெச்சிருக்கு. நம்ம வூட்ல அது மேல துணி காயப்போடறோம். அவ்ளோதான் வித்தியாசம்.” இந்தக் கூற்றை மறுக்கும் சான்று எதுவும் கிடைக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2021இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத சொந்த உபயோக வண்டி விண்டேஜ் ஆகும். புதுப் பதிவுக்கு ரூ. 20,000, எண்ணில் ‘வி.ஏ.’ எழுத்துகள், செல்லுபடி 10 ஆண்டு. சாலையில் எடுத்துப்போகக் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுதல், பழுது பார்த்தல் போன்றவற்றுக்கே அனுமதி. கடைசி இரண்டைத் தவிர நம்மவர் எங்கேயும் போனதில்லை என்பதால் இது அவரை மனத்தில் வைத்தே எழுதப்பட்ட சட்டம் எனலாம். மூல வடிவம் என்ற நிபந்தனை மட்டும் கடுமை. சேசிஸை வெட்டி ஒட்டியவர்கள் கவனிக்க. புல்லட்டை டி.என். 16 திண்டிவனத்தில் காட்டுவதா, டி.என். 32 விழுப்புரத்தில் காட்டுவதா என்ற கேள்வி, ஆர்.சி. புக்கிலுள்ள பெரியவரின் வாரிசுகள் சமாதானம் ஆனபின் எழும்.

“மாப்ள, மாடு வாங்கலாம்னு இருக்கேன்” என்று மாமனார் சொல்லத் தொடங்கியிருப்பது ஹெரால்டு விஷயத்தில் ஒரு புதிய திருப்பம். அது தனி ஆய்வுக்கு உரியது.

மேற்சொன்ன கணக்கில் வராத வண்டி ஒன்று உண்டு. பெயர் டி.வி.எஸ். 50. ஹெரால்டின் ரேடியேட்டரை முன்னால் வைத்துக்கொண்டு லேத்துக்குப் போவது, பிஸ்டன் பார்சலைப் பஸ் ஸ்டாண்டிலிருந்து எடுத்து வருவது, புல்லட்டுக்குப் பெட்ரோல் வாங்கி வருவது எல்லாம் அதுதான். துடைத்தவர் இல்லை, துணி போட்டு மூடியவர் இல்லை. ஓசூரில் 1980இல் வெளிவரத் தொடங்கிய இந்த மொபெட்டின் முதல் வண்டிகள் 2030இல் சட்டப்படி விண்டேஜ் ஆகின்றன. அறிஞர் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து அதைப் பிரிக்காதீர்கள். ஸ்பேர் வாங்கப் போக வேறு வண்டி இல்லை.