பாஸ்போர்ட் முகம்

காமிராவைக் கண்டதும் நம் ஊர்க்காரர்களுக்கு முதலில் செயலிழக்கும் உறுப்பு கழுத்து. அதுவரை ஒரு கண்ணால் சீரியலையும் மறு கண்ணால் மருமகளையும் கவனித்துக்கொண்டிருந்த பெரியம்மா, லென்ஸ் தன் பக்கம் திரும்பியதும் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்து, நேராக நிமிர்ந்து, மூச்சையும் நிறுத்திவிடுவார். சிரிக்கச் சொன்னால், “பல்லு தெரியும்டா” என்பார். அவர் பல்லைப் பார்க்காதவர்கள் தெருவில் யாருமில்லை. படத்துக்கு மட்டும் அது ரகசியம்.

இதற்குப் பாஸ்போர்ட் முகம் என்று பெயர் வைத்திருந்தோம். விஸ்காம் படிக்கும் மாணவனின் பரம விரோதி இதுதான். போர்ட்ரெய்ட் பேப்பர் எடுத்த சார் முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார்: “முகம் யார் வேணாலும் எடுப்பான். ஆளை எடுக்கணும். அவரோட உண்மையான முகம் வேணும் எனக்கு.” எல்லோரும் பயபக்தியுடன் எழுதிக்கொண்டோம். அந்த முகத்தை அவரவர் எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் சார் சொல்லவில்லை.

முதலில் வெளிச்சம். ரெம்பிராண்ட் லைட்டிங் என்று ஒன்று உண்டு. விளக்கை முகத்துக்கு 45 டிகிரி பக்கவாட்டில், கொஞ்சம் உயரத்தில் வைத்தால், நிழல் விழும் கன்னத்தில் கண்ணுக்குக் கீழே வெளிச்சம் ஒரு சின்ன முக்கோணமாக விழும். 17ஆம் நூற்றாண்டில் அந்த டச்சு ஓவியர் தூரிகையால் தீட்டியதை, நாங்கள் விடுதி அறையில் ஒரு டேபிள் லேம்ப்பையும், ஃபிரிட்ஜ் பெட்டியிலிருந்து வந்த தெர்மோகோலையும் வைத்துக் கொண்டுவரப் பார்த்தோம். மாடல், பாளையங்கோட்டையிலிருந்து வந்த அறை நண்பன். விளக்கை ஏற்றி, இறக்கி, ஓர் அங்குலம் தள்ளி, மறுபடி இழுத்து, ஒருவழியாக முக்கோணம் வந்தபோது நண்பனின் முகத்தில் நண்பன் இல்லை. “எலே, மெஸ் அடச்சிருவான்டே” என்ற ஒரே சிந்தனைதான் அங்கே ஒளிவீசியது. ரெம்பிராண்டின் மாடல்களுக்கு மெஸ் நேரம் உண்டா என்று கலை வரலாற்றுப் புத்தகங்களில் தேடினேன். தகவல் இல்லை.

அடுத்தது லென்ஸ். காமிராவோடு வரும் 18-55 லென்ஸை 18இல் வைத்து, பாசத்தோடு ஒரு முகத்தை நெருங்கினால் மூக்கு முன்னால் வந்து வரவேற்கும், காதுகள் பின்னால் ஓடி ஒளியும். குற்றம் லென்ஸுடையது அல்ல, நெருக்கத்துடையது. மிகக் கிட்டத்தில் நிற்கும்போது, காதைவிட மூக்கு காமிராவுக்கு வெகு பக்கம் என்றாகிவிடுகிறது. இந்த இயற்பியலைச் சித்தியிடம் விளக்கினேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இது உங்க சித்தப்பா வீட்டு மூக்கு. எனக்கு எப்படி வந்துச்சு?” என்று கேட்டார்.

பிறகு சீனியர் ஒருவரிடம் 50 எம்.எம். லென்ஸ் இரவல் கிடைத்தது. அதை 1.8இல் திறந்து வைத்து ஒரு மீட்டர் தூரத்தில் நின்றால், எங்கள் காமிராவில் தெளிவாக விழும் ஆழம் மூன்று சென்டிமீட்டரைத் தாண்டாது. கண் ஷார்ப்பாக இருந்தால் காது கரைந்துபோகும். பின்னாலிருக்கும் கொடித்துணி, கேஸ் சிலிண்டர், தண்ணீர் கேன் எல்லாம் வண்ணப் புகையாகிவிடும். நடுத்தரக் குடும்பத்து வீடுகளில் உட்கார்ந்து படமெடுப்பவனுக்கு இதைவிடப் பெரிய உதவியை எந்த விஞ்ஞானியும் செய்ததில்லை. ஆனால் சிலிண்டரை மறைத்த லென்ஸால் பாஸ்போர்ட் முகத்தை ஒன்றும் செய்ய முடியவில்லை. அதைத் துல்லியமாக, இமைமுடி தெரிய எடுத்துக் கொடுத்தது.

சரித்திரத்தைப் புரட்டினால் இந்த விறைப்பு நம்முடைய கண்டுபிடிப்பு இல்லை என்று தெரிகிறது. 1839இல் டாகெரோடைப் வந்தபோது ஒரு படத்துக்கு நிமிஷக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டியிருந்தது. அதனால் ஸ்டுடியோக்களில் தலைக்குப் பின்னால் இரும்புப் பிடி ஒன்றை வைத்து ஆளை நிறுத்தினார்கள். இன்று விநாடியில் நூற்றில் ஒரு பங்கு நேரத்தில் படம் விழுந்துவிடுகிறது. இரும்புப் பிடியும் போய்விட்டது. நம் பெரியம்மாக்கள் அதை உள்ளுக்குள் மாட்டிக்கொண்டார்கள்.

அதைக் கழற்ற மேதைகள் என்ன செய்தார்கள் என்று நூலகத்தில் படித்தேன். 1941 டிசம்பரில் ஒட்டாவாவில் சர்ச்சிலைப் படமெடுத்த யூசுஃப் கார்ஷ், அவர் வாயிலிருந்த சுருட்டைச் சட்டென்று எடுத்துவிட்டார். வந்த கோபத்தில் உறுமிய முகம்தான் உலகப் புகழ் பெற்றது. எங்கள் விடுதி வார்டன் வாயிலும் எந்நேரமும் ஒரு பல்குச்சி இருக்கும். யோசித்துப் பார்த்தேன். சர்ச்சிலிடம் பிடுங்கியவருக்குப் புகழ் கிடைத்தது. வார்டனிடம் பிடுங்கினால் டி.சி.தான் கிடைக்கும்.

ரிச்சர்ட் அவெடன் முறை இன்னும் நுட்பமானது. 1957இல் விண்ட்ஸர் கோமகனும் சீமாட்டியும் எதிரே அமர்ந்து பாஸ்போர்ட் முகம் காட்டினார்கள். அவர்களுக்கு நாய் என்றால் உயிர். “வரும் வழியில் என் டாக்ஸி ஒரு நாய்மேல் ஏறிவிட்டது” என்று அவெடன் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டார். இருவர் முகமும் வாடிய கணத்தில் படம் விழுந்தது. சித்தப்பாவும் நாய்ப் பிரியர்தான். காமிராவைத் தயாராக வைத்துக்கொண்டு, “வர்ற வழியில நம்ம பைக்ல ஒரு நாய் அடிபட்டுடுச்சு சித்தப்பா” என்றேன். “வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று அவர் துடித்த துடிப்பு நூற்றுக்கு நூறு அசல். பைக் அவருடையது. எழுந்து வாசலுக்கு ஓடிவிட்டதால் பதிவானது முதுகு.

பிலிப் ஹால்ஸ்மன் ஆட்களைக் குதிக்கச் சொல்வார். குதிக்கிறவனின் கவனமெல்லாம் குதிப்பதில் இருப்பதால் முகமூடி கழன்றுவிடும் என்பது அவர் கட்சி. அதே விண்ட்ஸர் தம்பதியைக்கூடக் குதிக்க வைத்து, 1959இல் எல்லாவற்றையும் புத்தகமாகப் போட்டார். பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். “மூட்டு ஆபரேஷனுக்கு அவரு பணம் குடுப்பாராமா?” என்றார்.

செமஸ்டர் முடிவில், தொழில் செய்யும் ஒருவரை அவர் இடத்திலேயே படமெடுக்க வேண்டும். கல்லூரிக்கு எதிரே டீக்கடை மாஸ்டர். ஆவி, வேர்வை, தோளில் துண்டு, உயரே போய் நூலாக இறங்கும் டீ. கேட்டவுடன் மாஸ்டர் சம்மதித்தார். “ஆனா இன்னைக்கு வேணாம் தம்பி, நாளைக்கு வாங்க.” மறுநாள் போனால் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பட்டை விபூதி, பவுடர். டீ ஆற்றும் வேலையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, ஸ்டூலில் கழுத்து இறுக உட்கார்ந்திருந்தார்.

வேறு வழியின்றி அதையே எடுத்தேன். “முடிஞ்சுது மாஸ்டர், ரொம்ப நன்றி” என்று காமிராவைத் தாழ்த்தினேன். அவ்வளவுதான், கழுத்து விடுதலையாகிவிட்டது. “டேய், பால் பொங்குதுடா!” என்று தம்பி பக்கம் திரும்பிக் கத்திவிட்டு, என்னைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தார். அதையும் எடுத்தேன். மேதைகளின் பொய், பிடுங்கல், குதியல் எதுவும் வேண்டாம், ‘முடிஞ்சுது’ போதும். நம்மவர்கள் படம் முடிந்த பிறகுதான் படத்துக்கு லாயக்காகிறார்கள்.

சிரிக்கும் படத்தை சார் புகழ்ந்து முழு மதிப்பெண் போட்டார். இரண்டையும் பிரிண்ட் போட்டு மாஸ்டரிடம் கொடுத்தேன். சிரிக்கும் படத்தைப் பார்த்து, “இது சும்மா பேசிட்டிருக்கும்போது புடிச்சதில்ல?” என்று ஓரமாக வைத்தார். விறைப்பான படத்தைத்தான் கையில் ஏந்தினார். “இதைப் பெருசா போட்டுக் குடுங்க தம்பி. பின்னால மாலை போடுறதுக்கு உதவும்.”

அப்போதுதான் பெரியம்மாவும் விளங்கினார். நம் வீட்டுச் சுவரில் ஏறும் படம் பெரும்பாலும் சந்தனப்பொட்டும் மாலையுமாகத்தான் ஏறுகிறது. ஐம்பது வருடம் பேரப்பிள்ளைகள் விழுந்து கும்பிடப்போகும் முகத்தில் பால் பொங்கும் பதற்றம் இருக்கலாமா? நம்மவர்கள் பயந்து விறைக்கவில்லை. சந்ததிக்காக முகத்தைத் தயாரிக்கிறார்கள். எனக்கு வேண்டியது அவர்களின் இன்றைய முகம். அவர்கள் தருவதோ நாளைய முகம். எது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல, பாவம், காமிரா பிடித்தவன் யார்?

இந்தச் சந்தேகத்தை சாரிடமே கேட்டேன். “உண்மையான முகத்துல சமரசமே கூடாது” என்று நீண்ட விளக்கம் கொடுத்தார். முடித்துவிட்டு, விசா விண்ணப்பத்துக்குத் தனக்கு ஒரு படம் வேண்டும் என்றார். விளக்கை வைத்தேன். சட்டைக் காலரைச் சரிசெய்தபடி ஸ்டூலில் அமர்ந்தவர், குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“முன்தலை தெரியாத மாதிரி ஆங்கிள் ஏதாவது இருக்காப்பா?”