பிடிபட்ட பிறகு தொடங்கும் கதை

கே: போலீஸ் தொடர் உண்டு, வக்கீல் தொடர் உண்டு. நன்னடத்தை அலுவலரைக் கதாநாயகனாக்கி யாராவது தொடர் எடுத்திருக்கிறார்களா?

ப: 1959-லேயே எடுத்துவிட்டார்கள். பிரிட்டனின் ஐடிவி அலைவரிசைக்காக ஏடிவி நிறுவனம் தயாரித்த ‘புரொபேஷன் ஆபீசர்’ 1962 வரை ஓடியது. உருவாக்கியவர் ஜூலியன் பாண்ட். அதே 1959-ல் அதே ஐடிவியில் ‘நோ ஹைடிங் பிளேஸ்’ என்ற ஸ்காட்லாந்து யார்டு போலீஸ் தொடரும் வந்தது. அதில் ஆள் பிடிபட்டால் கதை முடியும். இதில் ஆள் பிடிபட்ட பிறகுதான் கதையே தொடங்கும்!

கே: துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. பிறகு எதைக் காட்டி ரசிகர்களை உட்கார வைப்பது?

ப: மனிதர்களைக் காட்டித்தான். அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி, சிறைக்குப் பதிலான நன்னடத்தைக் கண்காணிப்புக்குக் குற்றவாளியே சம்மதிக்க வேண்டும். காலம் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை. அலுவலர் அவர் வீட்டுக்குப் போவார், குடும்பத்தோடு பேசுவார், வேலை தேடிக் கொடுப்பார், நீதிபதிக்கு அறிக்கை எழுதுவார். குற்றவாளி நிபந்தனையை மீறினாலோ, அவரைத் திரும்பக் கோர்ட்டில் நிறுத்த வேண்டியவரும் அந்த அலுவலரே.

நேற்றுவரை தோளில் கை போட்டுப் பேசியவர் இன்று எதிரே நின்று சாட்சி சொல்கிறார். இதைவிட நல்ல நாடகம் எந்தத் துப்பாக்கியில் இருக்கிறது?

கே: நடித்தவர்களில் நமக்குத் தெரிந்த முகம் உண்டா?

ப: ஹானர் பிளாக்மன்! 1964-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படமான ‘கோல்ட்ஃபிங்க’ரில் பாண்டுக்கே ஜூடோ காட்டியவர். அதற்கு முன் இந்தத் தொடரில் பெண் அலுவலராக நடித்தார். உடன் நடித்த ஜான் பால், பின்னாளில் ‘டூம்வாட்ச்’ தொடரின் விஞ்ஞானி.

கே: இப்படியொரு வேலை எப்படித்தான் பிறந்தது?

ப: ஐந்து ஷில்லிங்கில். 1876-ல் ஃப்ரெடெரிக் ரெய்னர் என்ற அச்சகக்காரர், குடித்துவிட்டு மீண்டும் மீண்டும் கோர்ட்டுக்கு வருகிறவர்களைக் கைதூக்கிவிடுங்கள் என்று இங்கிலாந்துத் திருச்சபையின் மதுவிலக்குச் சங்கத்துக்கு அந்தத் தொகையை அனுப்பினார். சங்கம் லண்டன் கோர்ட்டுகளுக்குத் தொண்டர்களை அனுப்பியது. 1907-ல் வந்த சட்டம் அதை அரசாங்க வேலையாக்கியது. அறிவுரை, உதவி, நட்பு ஆகிய மூன்றையும் அலுவலரின் கடமை என்றே அச்சட்டம் எழுதி வைத்தது. நட்பைக் கடமையாக்கிய சட்டம் உலகில் எத்தனை இருக்கும்?

கே: நம் ஊரில் இந்தச் சட்டம் உண்டா?

ப: அந்தத் தொடர் தொடங்குவதற்கு ஓராண்டு முன்பே, 1958-ல், மத்திய அரசின் நன்னடத்தைச் சட்டம் வந்துவிட்டது. சென்னை மாகாணமோ 1936-லேயே தனிச்சட்டம் கண்டது. இங்கும் அலுவலர்கள் வீடு வீடாகப் போகிறார்கள், அறிக்கை எழுதுகிறார்கள், தேவைப்பட்டால் வேலை தேடித் தர முயல்கிறார்கள். நம் சின்னத்திரை எழுத்தாளர்கள் அவர்களில் ஒருவரோடு ஒரு வாரம் சுற்றி வரட்டும். ஐந்நூறு எபிசோடுக்குக் கதை கிடைக்கும். மாமியாருக்கும் மருமகளுக்கும் கொஞ்சம் ஓய்வும் கிடைக்கும்.