மிதக்கும் இஸ்தோப்பு

ஸ்காபரோ, கனடா

அன்புள்ள மாமா,

நீங்களும் அத்தையும் சுகம்தானே? புளத்கொகுபிட்டியவில் மழை விட்டதா, ரப்பர் பால் வெட்டு நடக்கிறதா? இங்கே எல்லோரும் சுகம், என் பேங்க் புத்தகத்தைத் தவிர. குடும்பத்தோடு சுற்றிவரப் படகு வாங்கப் போகிறோம். இந்த ஊரில் வேலைக்குப் போவது மலிவு. சும்மா இருப்பதற்குத்தான் காசு கொட்ட வேண்டும்.

படகின் பெயர் பொன்டூன். காற்றடைத்த நீளமான அலுமினியக் குழாய்கள் இரண்டு. மேலே சமதளமாகப் பலகை, சுற்றிலும் வேலி, உள்ளே சோபா, தலைக்கு மேல் துணிக்கூரை. கடையில் பார்த்ததுமே உங்கள் மருமகள், "லயத்து வாசல் இஸ்தோப்பத் தூக்கித் தண்ணியில வுட்ட மாதிரி இருக்கே" என்றாள். விலையைக் கேட்டேன். அந்தக் காசுக்கு லயத்தையே வாங்கலாம்.

இதை முதலில் செய்தவர் பெரிய இன்ஜினியர் இல்லை. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மினசோட்டாவில் அம்ப்ரோஸ் வீர்ஸ் என்ற விவசாயி, இரும்புப் பீப்பாய்களை இரண்டு வரிசையாக வெல்டிங் பண்ணி, மேலே பலகை அடித்து ஏரியில் விட்டார். நம்ம ஸ்டோருக்குப் பின்னால் எத்தனை பீப்பாய் துருப்பிடித்துக் கிடந்தது மாமா! நாம் அதில் மழைத்தண்ணி பிடித்துக் குளித்ததோடு சரி.

அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. 2016 மே மாதம் களுபஹன தோட்டத்தில் மண் சரிந்ததிலிருந்து, மழை, வெள்ளம் என்றாலே அவருக்கு நெஞ்சு படபடக்கும். கித்துல்கலையில் காசு கொடுத்து ரப்பர் படகில் உருள்கிற வெள்ளைக்காரர்களைப் பார்த்தும் தலையில் அடித்துக்கொண்டவர்தானே. அதனால் சிம்கோ ஏரி வேண்டாம் என்று விட்டோம். 722 சதுர கிலோமீட்டர், காற்றடித்தால் அலை எழும்பும். ஸ்கூகோக் ஏரிதான் சரி. ஆழம் குறைவு, பொன்டூனும் தண்ணீரில் அதிகம் அமிழாது. பாசி மட்டும் புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளுமாம்.

படகு பதினெட்டடி. அதில் ஒரு தகடு அடித்திருக்கிறார்கள்: எத்தனை பேர், எவ்வளவு பாரம், அதிகபட்சம் எத்தனை குதிரைச் சக்தி என்று. எட்டுப் பேர் ஏறலாமாம். நம் ஆட்கள் எட்டுப் பேரைக் கூப்பிட்டால் எத்தனை பேர் வருவார்கள் என்பது தகடு அடித்தவனுக்குத் தெரியாது. பிரியாணிச் சட்டியின் பாரம் வேறு.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பின்னால் மாட்டுகிற மோட்டாரில் வீடு இரண்டுபட்டுவிட்டது. மகனுக்கு டியூபில் உட்கார்ந்து இழுபட வேண்டும், 90 குதிரைச் சக்தி கேட்கிறான். தகடோ 60க்கு மேல் கூடாது என்கிறது. மருமகளுக்கு 40 போதும், பாட்டுக் கேட்டால் சரி. கடைக்காரர், "எவ்வளவு வேகம் வேணும்?" என்றே கேட்கிறார். போனில் சொன்னதுமே நீங்கள், "எவ்வளவு பாரம்டா?" என்றீர்களே, தோட்டத்து லொறி ஓட்டிய ஆள் என்பது அதில்தான் தெரிந்தது. பாரப் படகுக்கென்றே தனி ரக மோட்டார் இருக்கிறது. குதிரைச் சக்தி அதேதான். கியரைக் குறைத்து, பெரிய புரொப்பெல்லரை மெதுவாகச் சுற்ற விடுகிறார்கள். அதில் 60 எடுக்கலாமா?

இந்த மோட்டாருக்கும் ஒரு கதை உண்டு. ஓலே எவின்ருட் என்பவர் காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு ஏரியில் துடுப்புப் போட்டு வந்தாராம். வருவதற்குள் உருகிவிட்டதாம். அந்தக் கோபத்தில் மோட்டார் செய்து 1909இல் விற்கவே தொடங்கிவிட்டார். அத்தைக்காக நீங்கள் என்ன கண்டுபிடித்தீர்கள் என்று கேட்கச் சொல்கிறாள் மருமகள். கோபிக்க வேண்டாம்.

மோட்டார் படகு ஓட்ட இங்கே பரீட்சை எழுதி அட்டை வாங்க வேண்டும். ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் போதும். படகுக்குத்தான் ஆயுசு குறைவு: குளிர் வந்தால் ஏரி கல்லாகிவிடும். பெட்ரோலுக்கு மருந்து ஊற்றி, கியர் எண்ணெய் மாற்றி, படகைப் பிளாஸ்டிக்கில் சுற்றி வைக்க வேண்டும். கியர்ப் பெட்டியில் கொஞ்சம் தண்ணி நின்றாலும் உறைந்து வெடித்துவிடும். ஆக, கோடையில் நாம் படகில் உட்காரலாம், மிச்ச மாதமெல்லாம் கடன் நம் தலையில் உட்காரும்.

படகில் ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி இருந்தே ஆக வேண்டும், அதுவும் அவரவர் அளவுக்கு. உங்கள் இருவருக்கும் சேர்த்தே வாங்கச் சொல்லிவிட்டார் அம்மா. விசா கிடைக்கிறபோது கிடைக்கட்டும். உங்கள் மார்பளவையும், அத்தை உண்மையைச் சொன்னால் அத்தையின் அளவையும், அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
அன்பு மருமகன்